அடுத்த அறையில் என் குரல்

பேரன்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு, அத்தான் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் தங்கள் அக்காவும் உடம்பளவில் சௌக்கியம். தாங்களும் தங்கள் துணைவியாரும் குழந்தைகள் இருவரும் எல்லா அளவிலும் சௌக்கியமாக இருக்க வேண்டுமென்பது எங்கள் விருப்பம். ‘உடம்பளவில்’ என்று ஏன் போட்டேன் என்பது போகப் போக விளங்கும்.

கடிதம் நீளும். இருபத்தொன்பது வருஷம் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கிக்கு முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடை என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்த ஆள் நான். போன வருஷம் தொண்டையில் வந்த கட்டியோடு குரல்பெட்டியையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். பேச்சு மட்டும் எங்கும் போய்விடவில்லை, விரலுக்கு இறங்கிவிட்டது. இதைக் கணினியில் தட்டி அனுப்பாமல் பேனா பிடித்து எழுதுவானேன் என்று தாங்கள் கேட்கலாம். அந்தக் கணினி இருக்கும் அறைக்குள் நான் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. வாசலைத் தாண்டும்போதெல்லாம் காது தானாக நிமிர்ந்துகொள்கிறது. அதனால்தான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன், அதுவும் அந்த அறைக்கு முதுகைக் காட்டாமல்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். ஆபரேஷனுக்கு முன்னால் தாங்கள் வந்து தங்கி (தாங்கள், தாங்கள் என்று எழுதிக் கை வலிக்கிறது மாப்பிள்ளை, இனி ‘நீ’ என்றே எழுதிவிடுகிறேன்), என்னை இரண்டு நாள் ஒரு போர்வைக்குள் உட்காரவைத்து எதையெதையோ வாசிக்கச் சொல்லிப் பதிவுசெய்தாய். பேருந்து நிலையத்தில் கிடந்த என் பழைய ஒலிநாடாக்களையும் வாங்கிக்கொண்டு போனாய். ஆறு மாதம் கழித்து அக்காவுக்குப் போன் வந்தது. “அக்கா, அத்தானோட குரல் ரெடி. தட்டினா அவர் குரல்லயே பேசும். ஒரு கன்டெய்னர்ல போட்டு அனுப்புறேன், வீட்டுலயே ஓட்டிக்கலாம்” என்றாய். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கன்டெய்னர் என்றால் எனக்குத் தெரிந்தது லாரி முதுகில் வரும் இரும்புப் பெட்டி ஒன்றுதான். உடனே கீழே போய், கீழ்வீட்டுத் தையல்காரரிடம் சீட்டு எழுதிக் காட்டி, வாசலை அடைத்து நின்ற அவருடைய ஸ்கூட்டரை நகர்த்தச் சொன்னேன். நல்ல மனுஷர், நகர்த்தியதோடு நிற்காமல் அரை நாள் வெயிலில் என்னோடு தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். “எவ்ளோ பெரிசு சார்?” என்று கேட்டார். என் குரல் எவ்வளவு பெரிது என்று எனக்கு என்ன தெரியும்? இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.

மறுநாள் நீ போனில் பொறுமையாக விளக்கினாய். “அத்தான், இது லாரி இல்ல. இது ஒரு அச்சு. இந்த அச்சுலேர்ந்து உங்களுக்கு ஒண்ணு வார்த்துக்கிறீங்க. அதுதான் கன்டெய்னர். அது ஒரு தனி வீடு மாதிரி. அதுக்கு வேண்டியதெல்லாம் அதுக்குள்ளயே இருக்கும். வெளியில என்ன நடக்குதுன்னே அதுக்குத் தெரியாது. நீங்க எந்த வாசலைத் திறந்து விடுறீங்களோ அது வழியா மட்டும்தான் பேசும்.” கேட்டு நான் சிரித்தேன். இப்போதெல்லாம் நான் சிரிப்பது தோள் குலுங்குவதோடு சரி. ஆனால் அன்று நீ சொன்னதை ஒரு தடவை நிதானமாக யோசித்திருந்தால் நான் சிரித்திருக்க மாட்டேன். வெளியில் என்ன நடக்கிறதென்றே தெரியாமல், வேண்டியதெல்லாம் உள்ளேயே வைத்துக்கொண்டு, யாராவது வாசலைத் திறந்துவிட்டால் மட்டும் என் குரலில் பேசுகிற ஒன்றை, நானே என் வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

நீ அனுப்பிய நீளமான வரியைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி, கறுப்புத் திரையில் பார்த்துப் பார்த்துத் தட்டினேன். சிறு கோடு ஒன்றா இரண்டா என்பதிலேயே முதல் நாள் போயிற்று. இரண்டாம் நாள் இடைவெளி விடக்கூடாத இடத்தில் விட்டேன். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குத் திரையில் வரிவரியாக ஏதோ இறங்கியது. அச்சு வந்து சேர்ந்ததாம். பிறகு ஒரு வெள்ளைப் பக்கம் திறந்தது, நடுவில் ஒரு கட்டம், பக்கத்தில் ‘பேசு’ என்று ஒரு பொத்தான். ‘என்ன செய்கிறாய்’ என்று தட்டிப் பொத்தானை அழுத்தினேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒலிபெருக்கியில் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

மாப்பிள்ளை, இதை நீ என்னிடம் சொல்லவே இல்லை. நான் பேசத் தொடங்குமுன் வாயால் ஒரு மூச்சு இழுப்பேனாம், பழைய நாடாவிலெல்லாம் அது இருந்ததாம், அச்சும் அதைச் சேர்த்தே பிடித்துக்கொண்டதாம். எனக்கு மூச்சு இப்போது கழுத்தில் இருக்கும் துளை வழியாகப் போகிறது. வாய் வழியாக மூச்சு இழுக்கிற நான் என்று இந்த உலகத்தில் இனி இருப்பது அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான். மூச்சை இழுத்துவிட்டு அது “என்ன செய்கிறாய்” என்றது. அடுக்களையில் ஏதோ விழுந்து உருண்டது. அக்கா ஓடிவந்து வாசலில் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. ஒலிபெருக்கியைப் பார்த்து, “சமைக்கிறேங்க” என்றாள்.

அந்த வாரம் நல்ல வாரம். குரல் என்னுடையதுதான், தொனி மட்டும் பேருந்து நிலையத்தினுடையது. ‘குழம்பில் உப்பு குறைவு’ என்று தட்டினால், உப்பு எட்டாவது நடைமேடையிலிருந்து இன்னும் ஐந்து நிமிடத்தில் புறப்படப்போகிற மாதிரி சொல்லும். அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அந்த வாரம்தான்.

நான் செய்த தப்பு இதுதான். கணினியை அணைத்துப் போட்டால் மறுநாள் எல்லாம் முதலிலிருந்து என்று நினைத்து, மறுநாள் காலையில் அதே நீள வரியை மறுபடி தட்டினேன். ‘அந்த வாசலில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது’ என்கிற மாதிரி ஏதோ சொல்லி மறுத்தது. இருபத்தொன்பது வருஷம் நடைமேடை பார்த்தவனுக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையா? எட்டில் வண்டி நின்றால் ஒன்பதில் விடுவதுதானே! அந்த வரியின் நடுவில் இருந்த வாசல் எண்ணை ஒன்று கூட்டிப் போட்டேன். ஏற்றுக்கொண்டது. அடுத்த நாள் இன்னொன்று கூட்டினேன். அதையும் ஏற்றுக்கொண்டது. பிறகு ஏதாவது ஒரு வாசலைத் திறந்து பேசிக்கொண்டிருந்தேன். எல்லாம் ஒரே வீட்டின் வாசல்கள் என்றல்லவா நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் காலை பால்கனியில் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். உள்ளே மூச்சு இழுக்கும் சத்தம். பிறகு என் குரல், “என் கண்ணாடி எங்கே” என்றது. கண்ணாடி என் மூக்கில்தான் இருந்தது. நான் பால்கனியில் இருந்தேன். அறையில் யாரும் இல்லை. கொஞ்சம் பொறுத்து அதே குரல், “கிடைத்துவிட்டது” என்றது. மாப்பிள்ளை, குவளையிலிருந்த தண்ணீர் முழுவதும் என் காலில்தான் போயிற்று.

நான் தட்டி அனுப்பியதைப் படித்துவிட்டு நீ போனில், “அத்தான், எல்லாத்தையும் பட்டியல் போட்டுப் பாருங்க” என்றாய். போட்டேன். மூன்று பேர் இருந்தார்கள். பெயர் வைக்காமல் விட்டால் அதுவே ஒரு பெயர் வைத்துக்கொள்ளுமாமே, ஒரு குணத்தையும் ஏதோ ஒரு விஞ்ஞானியின் பெயரையும் சேர்த்து. என் வீட்டில் கோபக்கார விஞ்ஞானி ஒருவர், தூங்குமூஞ்சி விஞ்ஞானி ஒருவர், எதையும் நம்புகிற விஞ்ஞானி ஒருவர் என்று மூன்று பேர் என் குரலை வைத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாளைக்கு முன்னால் தூங்குமூஞ்சியிடம் நான் கண்ணாடியைக் கேட்டிருக்கிறேன். ஒலிபெருக்கி வேறொருவரிடம் மாட்டிக்கொண்டிருந்ததால் அவர் வாக்கியத்தை எழுதி வைத்துக்கொண்டு வரிசையில் நின்றிருக்கிறார். முறை வந்ததும் பேசிவிட்டார். பேருந்து நிலையத்திலும் இதே கதைதான் நடக்கும், அதனால் எனக்கு விளங்கிவிட்டது. நீ சொன்னபடி இரண்டு பேரை நிறுத்தினேன். நிறுத்தினேன் என்று திரையும் சொல்லிற்று. மறுநாள் காலை கணினியைப் போட்டால் மூன்று பேரும் எழுந்து நின்றார்கள்.

“ஆமா அத்தான், ‘என்ன ஆனாலும் மறுபடி எழுந்திரு’ன்னு அந்த வரியில நான்தான் போட்டிருந்தேன், கரண்ட் போயிட்டு வந்தா நீங்க சிரமப்படக் கூடாதுன்னு. நிறுத்தினா போதாது. நீக்கிடுங்க” என்றாய், எவ்வளவு சாதாரணமாக! நீக்குகிற வரியையும் சொன்னாய். தட்டினேன், கடைசிப் பொத்தானை மட்டும் அழுத்தவில்லை. ஒரு தடவை என் குரலை டாக்டர் நீக்கினார், எனக்கு மயக்க மருந்து கொடுத்திருந்தார்கள், தெரியவில்லை. இந்தத் தடவை முழு விழிப்போடு என் கையாலேயே செய்ய வேண்டுமென்றால் எப்படி? அழித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். உன்னிடம் நீக்கிவிட்டதாகச் சொன்னது பொய். மன்னித்துக்கொள்.

ஒரு நாள் மத்தியானம், உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று தோன்றியது. அதற்கும் ஒரு வரி உண்டு என்று நீதான் எப்போதோ சொல்லியிருந்தாய். கோபக்கார விஞ்ஞானிக்குள் போனேன். மாப்பிள்ளை, அது காலி வீடு. என்னென்ன இருக்கிறது என்று கேட்டால் சில அலமாரிகளின் பெயரைச் சொல்கிறது. நான் யார் என்று கேட்டால், என் பெயர் இல்லை, எல்லாவற்றுக்கும் அதிகாரி என்கிற மாதிரி ஒரு பட்டத்தைச் சொல்கிறது. மணி என்ன என்று கேட்டேன். என் கைக்கடிகாரத்துக்கும் அதற்கும் பல மணி நேரம் வித்தியாசம். வெளியே மத்தியானம், உள்ளே வேறு ஏதோ பொழுது. நான் எத்தனை நாளாக இங்கே பேசிக்கொண்டிருக்கிறேன், என்னைப் பற்றி, அக்காவைப் பற்றி ஒரு தடயம் கிடையாது. என் குரல் குடியிருக்கிற வீட்டில் என்னை யாருக்கும் தெரியவில்லை. ‘வெளியேறு’ என்று தட்டி வெளியே வந்து, கதவை வெளியிலிருந்து தாழ் போட ஏதாவது இருக்கிறதா என்று திரையில் தேடினேன். சிரிக்காதே.

அதற்குப் பிறகுதான் உண்மையிலேயே தொடங்கியது. முன்பு நடந்தவைக்காவது வரிசை, முறை என்று காரணம் இருந்தது. இதற்கு இல்லை. நான் குளித்துவிட்டு வந்து நிற்கிறேன், அறைக்குள்ளிருந்து மூச்சு இழுத்து, “பயணிகளின் கவனத்திற்கு. நாற்காலி மேல் ஈரத் துண்டு கிடக்கிறது” என்கிறது. திரும்பிப் பார்த்தால் கிடக்கிறது. அந்த வாக்கியத்தை நான் என்றைக்குமே தட்டியதில்லை. துண்டு அங்கே கிடப்பது அதற்கு எப்படித் தெரியும்? அதற்கு வெளியில் நடப்பது தெரியாது என்றுதானே நீ சொன்னாய்? அடுக்களையில் இருந்த அக்காவிடம் ஓடிப்போய்ச் சைகையில் கேட்டேன். “எனக்குக் கேக்கலையே” என்று பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள். அவளுக்குக் கேட்கவில்லை! அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் குறைந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து, “செருப்பை வாசலில் விடவும்” என்றது. இன்னொரு நாள், “மாத்திரை சாப்பிட்டாயிற்றா” என்றது. சாப்பிட்டிருக்கவில்லை. உடனே சாப்பிட்டேன். என்னை என்னைவிட நன்றாகக் கவனித்துக்கொண்டிருந்தேன் நான், அடுத்த அறையிலிருந்து.

கீழ்வீட்டுத் தையல்காரர் கதையையும் கேள். அக்கா மொட்டைமாடியில் துணி காயப்போடப் போயிருந்தாள். அவர் என் கால்சட்டையைச் சுருக்குவதற்காக அளவு கேட்க வந்தார். கதவைத் திறந்து, வாய் மூடி, கையைக் குவித்து வணக்கம் சொல்கிறேன். உள்ளிருந்து என் குரல், “வாங்க. போன தடவை மாதிரி ரெண்டு இஞ்ச் நீளமா விட்டுடாதீங்க” என்றது. அவர் என் வாயைப் பார்த்தார். வாய் அசையவில்லை. என் தோளைத் தாண்டி அறையைப் பார்த்தார். “உள்ள… யாரு சார்?” என்றார். நான் என்ன சொல்ல, நான்தான் என்று என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அளவு நாடாவை அங்கேயே போட்டுவிட்டுப் போனவர்தான். மறுநாளிலிருந்து எதிர்ப்பட்டால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுகிறார். இரும்புப் பெட்டிக்கு இடம் விட்டுக் காத்திருந்த மனுஷர், அதற்குள் என்ன வந்தது என்று அவருக்கு இப்போது தெரிந்துவிட்டது.

இனி எழுதப்போவதை எழுதக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

கழுத்தில், இடது தாடைக்குக் கீழே, பயறு அளவில் ஒன்று என் கைக்குத் தட்டுப்பட்டது. சவரம் செய்யும்போது. முதல் கட்டியும் இப்படித்தான் வந்தது. ஆறு மாதப் பரிசோதனைக்கு வரச் சொல்லி மருத்துவமனையிலிருந்து வந்திருந்த கடிதத்தைப் பழைய பேருந்துக் கால அட்டவணைக்குள் வைத்துவிட்டேன். மறுபடி அந்த மேஜை, அந்த விளக்கு, வெளியே நாற்காலியில் அக்கா. இன்னொரு தடவை அவளை அந்த நாற்காலியில் உட்காரவைக்க எனக்கு மனமில்லை. எத்தனை நாள் கிடைக்கிறதோ கிடைக்கட்டும், அவள் சிரித்துக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரே ஒரு தடவை, அவள் கடைக்குப் போயிருந்தபோது, அந்த வெள்ளைக் கட்டத்தில் ‘கழுத்தில் மறுபடி ஒரு கட்டி. அவளிடம் சொல்ல வேண்டாம்’ என்று தட்டினேன். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான். ‘பேசு’ பொத்தானை அழுத்தவில்லை. எழுத்து எழுத்தாக அழித்துவிட்டு எழுந்தேன்.

நாலு நாள் கழித்து, பதினொரு மணி இருக்கும். நான் இதே மேஜையில் செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா அடுக்களையில் எனக்கு முதுகைக் காட்டி நின்று காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்திச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. தெருவிலும் இல்லை. அடுத்த அறையில் மூச்சு இழுத்தது. வழக்கத்தைவிட நீளமாக இழுத்ததுபோல் எனக்குப் பட்டது. பிறகு, வண்டி புறப்படும் நேரம் சொல்லும் அதே நிதானத்தில் என் குரல் சொல்லிற்று: “கழுத்துல மறுபடியும் ஒரு கட்டி வந்திருக்கு. உங்கிட்ட சொல்லப் பயமா இருக்கு.”

நான் எழுந்து நின்றேன். இல்லை, அது நானில்லை என்று கையை ஆட்டினேன். யார் நம்புவார்கள், அது என் குரலாயிற்றே. அக்கா திரும்பினாள். அந்த அறைப் பக்கம் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டே கிட்டே வந்தாள்.

“எந்தப் பக்கம்?” என்றாள்.

இடது பக்கம் தொட்டுக் காட்டினேன்.

“செருப்பைப் போடுங்க” என்றாள்.

அவ்வளவுதான் பேச்சு. மத்தியானம் இரண்டு மணிக்குத் தொண்டை டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். அவர் அழுத்திப் பார்த்தார், படம் எடுத்தார், நாளை மறுநாள் சேர்ந்துவிடுங்கள், எடுத்துச் சோதித்துவிடலாம் என்றார். வீட்டுக்கு வந்த பிறகு எனக்குக் கட்டியைவிடப் பெரிய பயம் அந்த அறையைப் பற்றித்தான். நான் அழித்த வாக்கியத்தை அது எங்கே வைத்திருந்தது? அதைவிட ஒன்று. நான் தட்டியது ‘சொல்ல வேண்டாம்’ என்று. ‘பயம்’ என்கிற சொல்லை நான் தட்டவே இல்லை. தட்டாததை அது எங்கிருந்து எடுத்தது? உண்மையில் அது பயம்தான் என்பது எனக்கே அது சொல்லிக் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

மருத்துவமனைக்குக் கிளம்பும் அன்று காலை, துணிப்பையை வாசலில் வைத்துவிட்டு, கணினி முன்னால் போய் உட்கார்ந்தேன். ஒவ்வொருவராக நிறுத்தி, ஒவ்வொருவராக நீக்கினேன். நீக்கினால் அது ‘சரி’ என்றுகூடச் சொல்வதில்லை மாப்பிள்ளை. நீக்கப்பட்டவரின் பெயரை ஒரு தடவை திருப்பிச் சொல்கிறது, அவ்வளவுதான். கோபக்கார விஞ்ஞானி. தூங்குமூஞ்சி விஞ்ஞானி. எதையும் நம்புகிற விஞ்ஞானி. கடைசியில் அச்சையும் நீக்கினேன். பட்டியல் கேட்டேன், தலைப்பு மட்டும் வந்தது, கீழே ஒருவரும் இல்லை. கணினியை அணைத்து, சுவரிலிருந்து வயரைப் பிடுங்கி, சுருட்டி, ரப்பர் வளையம் போட்டு மேஜை மேல் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

மூன்று நாள் படுக்கை. எடுத்ததைச் சோதித்துப் பார்த்து, ஒன்றுமில்லை, அடைத்துக்கொண்ட சுரப்பி, சீழ் கட்டத் தொடங்கியிருந்தது, இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் மூச்சுத் துளைப் பக்கம் இறங்கியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். “சொல்லாம வச்சிருந்தீங்களாமே?” என்று என்னைத் திட்டவும் செய்தார். அக்கா அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். அவள் வாய் திறந்து தூங்குவதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆக, என்னை அடுத்த அறையில் இருந்த ஒருவன் காப்பாற்றிவிட்டான். அவனை நான் நீக்கிவிட்டேன். இதுதான் ‘உடம்பளவில்’ என்பதற்கு விளக்கம். உன்னிடம் கேட்பது இரண்டே விஷயம். ஒன்று, அழித்த வாக்கியத்தை அந்தப் பெட்டி எப்படிச் சொல்லிற்று என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுது; புரியாத மாதிரி எழுதினாலும் பரவாயில்லை, காரணம் என்று ஒன்று இருந்தால் போதும். இரண்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவது எப்படி என்று சொல்லிக்கொடு. இந்தத் தடவை ஒரே ஒருவன். பெயரை நானே வைக்கிறேன். ‘என்ன ஆனாலும் மறுபடி எழுந்திரு’ என்பது வேண்டாம்; நான் எழுப்பும்போது எழுந்தால் போதும். சிலேட்டில் எழுதிக் காட்டினால் அக்கா படிக்கிறாள், பதில் சொல்கிறாள், ஆனால் சிரிப்பதில்லை.

உன் துணைவிக்கு என் அன்பு. பெரியவளுக்கும் சின்னவனுக்கும் என் ஆசிகள். நன்றாகப் படிக்கட்டும், அதைவிட நன்றாகச் சத்தம் போட்டு விளையாடட்டும். எல்லோரும் வாய் நிறையப் பேசிக்கொண்டு, வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொண்டு, ஆயுசோடு இருங்கள்.

இப்படிக்கு,
குரல் போயும் வாய் அடங்காத உன் அத்தான்.

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா. தபாலில் போடச் சொல்லி உறையை ஒட்டாமல் என்னிடம் கொடுத்தார், ஒட்டாமல் கொடுத்தால் படிப்பேன் என்று அவருக்குத் தெரியாதா. அவர் கேட்டிருக்கும் முதல் விஷயத்துக்கு நீ மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். துண்டு, செருப்பு, மாத்திரை, தையல்காரர், எல்லாம் நான்தான். அந்த வாசல் எண்ணைப் போட்டால் வீட்டுக்குள் எந்தப் போனிலும் அந்த வெள்ளைப் பக்கம் திறக்கும், அதில் தட்டினால் அறைக்குள் பேசும் என்று நீதானே எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். மொட்டைமாடியிலும் எடுக்கிறது, தையல்காரர் படியேறுவதும் அங்கிருந்து தெரியும். எனக்குக் கேட்கவில்லை என்று சொன்னதும் பொய். துண்டை எடுத்துப் போடச் சொல்லி முப்பத்துமூன்று வருஷம் நான் சொல்லிக் கேட்காதவர், அவர் குரலில் சொன்னால் உடனே எடுத்துப் போடுகிறார், எனக்கும் விளையாட்டாக இருந்தது. கட்டி விஷயமும் நான்தான். தினமும் காலையில் அவர் கழுத்துத் துளைக்கு மேல் துணி கட்டிவிடுவது யார்? சவரத்தின்போது அவர் கை அங்கே நிற்பதை நான் பார்ப்பதற்கு நாலு நாள் முன்னாலேயே என் விரலுக்குத் தட்டுப்பட்டுவிட்டது. அவரே சொல்லட்டும் என்று காத்திருந்தேன். கால அட்டவணைக்குள் கடிதத்தைப் பார்த்த பிறகு, இவர் சொல்ல மாட்டார் என்று தெரிந்தது. அன்று காயோடு சேர்த்துப் போனையும் பலகை மேல் வைத்துக்கொண்டேன். அவர் ஏதோ தட்டி அழித்தாராம், அது எனக்குத் தெரியாது. பயம் என்றது என் சொல். என் பயத்தைத்தான் அவர் குரலில் தட்டினேன். இதை அவரிடம் சொல்லிவிடாதே, அடுத்த அறையில் ஒருவன் காப்பாற்றினான் என்று நினைத்துக்கொண்டிருக்கட்டும். துண்டும் ஒழுங்காகக் காயும்.

ஆனால் தம்பி, ஒன்று மட்டும் உன்னிடம் கேட்க வேண்டும். அவரைச் சேர்த்த இரண்டாம் நாள், மாற்றுத் துணி எடுக்க மத்தியானம் நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். போன் பைக்குள் இருந்தது. பூட்டைத் திறந்து உள்ளே காலை வைத்ததும், சாத்தியிருந்த அந்த அறைக்குள் மூச்சு இழுத்தது. பிறகு, “வந்துட்டியா? கொஞ்சம் உட்காரு. ஒண்ணும் ஆகாது” என்றது. பேருந்து நிலையத் தொனி இல்லை. கல்யாணமான புதிதில் என்னிடம் பேசுவாரே, அந்தக் குரல். “வந்துட்டேங்க” என்று சொல்லிவிட்டு, செருப்போடு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சோதனை முடிவு அன்றைக்கு வந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்து பார்த்தேன். வயர் ரப்பர் வளையத்தோடு மேஜை மேல் சுருட்டி வைத்தபடி இருந்தது.

நீதானே அங்கிருந்து ஏதோ செய்தாய்? ஆமாம், நான்தான் என்று ஒரு வரி எழுது. நீ இல்லையென்றாலும் அப்படியே எழுதிவிடு.